பச்சைக் கட்டத்தை எண்ணி ஆளை எடை போடாதீர்கள்: கடற்கரைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இராமநாதபுரம் கடற்கரை வட்டாரக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்கள், கணினித் துறைத் தலைவர்கள்.

ஐயா, அம்மா,

நம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு கணினி மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் ஒரு சுற்றறிக்கை போயிருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இடைவெளி இல்லாமல் 100 நாள் பச்சைக் கட்டம் (அன்று வேலை செய்ததாகப் பக்கத்தில் நாள்வாரியாகக் காட்டும் அடையாளம்), லிங்க்டுஇன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 500 தொடர்புகள், வெளி ப்ராஜெக்டுகளுக்குப் பத்து புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை), வாரந்தோறும் லீட்கோட் தளத்தின் நிரல் போட்டி, வாரம் இரண்டு லிங்க்டுஇன் பதிவு. பதிவில் கல்லூரிப் பக்கத்தை டேக் செய்திருக்க வேண்டும். சரிபார்க்க வசதியாக எல்லாருடைய கடவுச்சொல்லும் துறை அலுவலகத்தில் ஓர் எக்செல் தாளில் இருக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரிகளும் எண்ணிக்கையை மட்டும் மாற்றி இதையே எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பதாகத் தெரிகிறது.

நாங்கள் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் ஊர்களிலிருந்து போய் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள். எங்களில் சிலர் ஆள் எடுக்கும் குழுக்களிலும் உட்காருகிறோம். நீங்கள் வளர்க்கச் சொல்கிற அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கிறவர்கள் என்ற உரிமையில் சொல்கிறோம். இந்த எண்கள் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தராது. பல நேரம் கைக்கு வர இருந்ததையும் கெடுத்துவிடும். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். ஏன் என்பதை விவரமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இதில் பாதி சிக்கல் அந்தத் தளங்கள் எப்படி எண்ணுகின்றன என்று யாரும் பார்க்காததால் வந்தது.

பச்சைக் கட்டத்திலிருந்து தொடங்கலாம். கிட்ஹப் எல்லாக் கமிட்டையும், அதாவது நிரலில் செய்து பதிந்த ஒவ்வொரு மாற்றத்தையும், எண்ணுவதில்லை. கமிட்டில் பதிவான மின்னஞ்சல் முகவரி அந்த மாணவரின் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கமிட், ரெப்போவின் (ப்ராஜெக்டின் கோப்புகளும் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) முதன்மைக் கிளையிலோ ஜிஹெச்-பேஜஸ் என்ற இணையப் பக்கக் கிளையிலோ இருக்க வேண்டும். ரெப்போ வேறொன்றின் ஃபோர்க்காக (தன் கணக்கில் எடுத்த நகலாக) இருக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால்தான் கட்டம் நிறம் மாறும்.

இப்போது இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இரண்டு வாரம் தனிக் கிளையில் உட்கார்ந்து ஒரு பிழையைத் தீர்க்கிறாள். அந்தக் கிளை முதன்மைக் கிளையோடு சேரும் வரை அவளுக்கு ஒரு கட்டமும் பச்சையாகாது. வெளி ப்ராஜெக்ட் ஒன்றை ஃபோர்க் செய்து உருப்படியாகத் திருத்தினாலும் இதே கதைதான்: புல் ரிக்வெஸ்ட் திறந்த நாள் எண்ணப்படும், அதற்குப் பின்னால் இருக்கும் இருபது கமிட்டும் மூல ரெப்போவில் ஏற்றுக்கொள்ளப்படும் வரை எண்ணப்படாது. இன்னொருவன் தன் சொந்த ரெப்போவின் ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) கோப்பில் இன்று ஒரு புள்ளி வைக்கிறான், நாளை அதை அழிக்கிறான். அவனுக்கு ஆண்டு முழுவதும் பச்சை. உங்கள் அளவுகோலில் தோற்பவள் அவள், ஜெயிப்பவன் இவன். வலையை எத்தனை நாள் உலர்த்தினான் என்று எண்ணி மீன்பாட்டைக் கணக்கிடுவது இப்படித்தான் இருக்கும்.

அந்தப் புள்ளியைக்கூட தினமும் வைக்கத் தேவையில்லை. கமிட் எந்தத் தேதியில் நடந்தது என்பதை எழுதுகிறவரே கொடுக்க, கமிட்டுகளைப் பதியும் 'கிட்' மென்பொருளில் வழி இருக்கிறது. அது ஓட்டை இல்லை, பழைய வரலாற்றை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருப்பதால் வைத்த வசதி. பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போன ஆண்டின் 365 நாளையும் ஒரே இரவில் பச்சையாக்கலாம். தங்கள் பெயரின் எழுத்து வடிவத்தில் கட்டங்களை நிறம் மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் மாணவர்களில் யாருக்காவது இது தெரியாது என்று நினைத்தால் விடுதிப் பக்கம் ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள்.

கிட்ஹப்பே ஒரு காலத்தில் 'தொடர்ந்து இத்தனை நாள்' என்ற கணக்கைப் பக்கத்தில் காட்டிவந்தது. 2016இல் அதை எடுத்துவிட்டது. தளமே கைவிட்ட எண்ணை நீங்கள் கையால் எண்ணி உயிர் கொடுக்கிறீர்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலைதான் வரும். கார்த்திகை ஐப்பசியில் காற்றும் மழையும் வந்தால் பாம்பன் பக்கம் நெட் எப்போது வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கமிட் செய்ய நெட் தேவையில்லை. மடிக்கணினியில் அன்றே கமிட் செய்துவிட்டு மூன்று நாள் கழித்து புஷ் செய்தாலும் (கிட்ஹப்புக்கு ஏற்றினாலும்) கமிட் செய்த தேதிக்குத்தான் கட்டம் பச்சையாகும். ஆனால் உங்கள் துறையில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்து 'இன்று இல்லை' என்று குறிக்கிறார்கள். சங்கிலி அறுந்ததாகக் கணக்கு. லீட்கோட் வாரப் போட்டியும் அப்படித்தான். அது நம் நேரப்படி ஞாயிறு காலை 8 மணிக்கு. தங்கச்சிமடத்திலும் ஓலைக்குடாவிலும் பல வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரம் திருப்பலியில் இருப்பார்கள். இதற்கு வருகைப் பதிவேடு போடுவது சரியா என்று நீங்களே யோசியுங்கள்.

லேப் கணினிகளின் கதை தனி. கிட், எழுதுகிறவரின் பெயரையும் மின்னஞ்சலையும் அந்தக் கணினியின் குளோபல் (எல்லா ரெப்போவுக்கும் பொதுவான) அமைப்பிலிருந்து எடுக்கும். மூன்று ஆண்டுக்கு முன் படித்துப் போன சீனியர் ஒருவர் தன் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அந்த இருக்கையில் உட்காருகிற எல்லாருடைய வேலையும் அவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும். எங்கோ துபாயில் வேலை பார்க்கும் அவருடைய பக்கம் பச்சையாகிறது, உழைத்த பிள்ளையின் பக்கம் காலியாக இருக்கிறது. விண்டோஸ் கணினியில் கிரெடென்ஷியல் மேனேஜரும் அதே சீனியரின் உள்நுழைவைப் பத்திரமாக வைத்திருக்கும். புஷ் செய்தால் 403 (அனுமதி இல்லை) பிழை வரும், அதில் அந்த சீனியரின் பயனர் பெயர் தெரியும். மாணவர் தன் கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து புதுக் கணக்கு தொடங்குவார். ஒரு சிலரிடம் மூன்று கணக்குகள் சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

இதற்குத் தீர்வு ஒரு மதிய வேளை வேலை. ஒவ்வொரு லேப் கணினியிலும் குளோபல் பெயரையும் மின்னஞ்சலையும் நீக்குங்கள். கிரெடென்ஷியல் மேனேஜரில் கிட்ஹப் பதிவை அழியுங்கள். மாணவர் தன் ரெப்போ கோப்புறைக்குள் போய், குளோபல் என்ற சொல் இல்லாமல், பெயரையும் முகவரியையும் கொடுக்கட்டும். முகவரியாக கிட்ஹப் தருகிற நோ-ரிப்ளை முகவரியைப் பயன்படுத்தினால் இரண்டு நன்மை: பச்சையும் எண்ணப்படும், சொந்த மின்னஞ்சல் ஊருக்கெல்லாம் தெரியாது. கமிட் இணைப்பின் கடைசியில் டாட்-பேட்ச் என்று சேர்த்தால் எழுதியவரின் மின்னஞ்சல் யாருக்கும் தெரியும் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. புஷ் செய்யும்போது கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் 2021 ஆகஸ்டிலிருந்து செல்லாது. அதற்குப் பதில் கிட்ஹப்பில் உருவாக்கிய டோக்கனோ (அனுமதிக் குறியீடு) கணினியில் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். பல லேப் கையேடுகளில் இன்னும் பழைய வழிதான் அச்சடித்திருக்கிறது.

தவறான முகவரியில் ஏற்கெனவே ஏறிவிட்ட கமிட்டுகளுக்கும் வழி உண்டு. அது மாணவரின் வேறொரு முகவரி என்றால் கணக்கின் அமைப்பில் அதையும் சேர்த்தால் போதும், பழையவையும் அவர் பெயரில் வந்துவிடும். அடுத்தவருடைய முகவரி என்றால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். குழு ப்ராஜெக்டில் அதைச் செய்யப் போனால் மற்ற மூவரின் பிரதிகளும் குழம்பும், அதனால் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பத்து புல் ரிக்வெஸ்ட். இதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தருவது. 2020 அக்டோபரில் திறந்த மூல ப்ராஜெக்டுகளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். ரீட்மீ கோப்பில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியவர்களின் கூட்டம் தாங்காமல், மாதத்தின் முதல் வாரத்திலேயே விதியை மாற்றினார்கள். தாங்களாக முன்வந்து சேரும் ப்ராஜெக்டுகள் மட்டுமே கணக்கில் வரும் என்றானது. 2024இன் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற, இணையச் செயலிகள் எழுத உலகம் முழுக்கப் பயன்படுகிற நோட் ஃபிரேம்வொர்க்கின் ரெப்போவில் இதே கூத்து. ஒரு பயிற்சிக் காணொளியில் காட்டியபடி ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து மாணவர்கள் வரிசையாக அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள். அந்த ரெப்போவை ஊதியமில்லாமல் பராமரிப்பவர்கள் ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டியிருந்தது.

உங்கள் சுற்றறிக்கை இதையே கட்டாயமாக்குகிறது. நான்கு மாதத்தில் பத்து என்றால், ஒரு ப்ராஜெக்டைப் படித்துப் புரிந்து திருத்த யாருக்கு நேரம் இருக்கும்? எழுத்துப்பிழை திருத்தம், ஒரு கமா, ஒரு காலி வரி. அனுப்பியவர் தன் புல் ரிக்வெஸ்டை மூடலாமே தவிர அழிக்க முடியாது. பராமரிப்பவர் அதன்மேல் 'ஸ்பேம்' என்று ஒட்டிய பட்டையும், கீழே எழுதிய இரண்டு வரிக் கடுப்பும் அப்படியே இருக்கும். ஐந்து ஆண்டு கழித்தும் அந்தப் பெயரைத் தேடுகிறவருக்கு அது கிடைக்கும். இருபது வயதுப் பிள்ளையின் பெயரில் அழிக்க முடியாத கறையை வைக்கச் சொல்லும் உத்தரவு இது. சில நேரம் கல்லூரியின் பெயரும் சேர்ந்து வருகிறது. ஒரே கல்லூரியிலிருந்து ஒரே வாரத்தில் ஒரே மாதிரி பத்துப் பேர் அனுப்பினால் யாரும் கவனிப்பார்கள்.

லிங்க்டுஇன் எண்ணிக்கையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 500ஐத் தாண்டினால் '500+' என்று மட்டும் காட்டும், அதனால் அந்த எண்ணுக்கு ஒரு மயக்கம். தெரியாதவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பி, அவர்கள் 'இவரை எனக்குத் தெரியாது' என்று சொடுக்கினால் கணக்கு முடங்கக்கூடும். வகுப்பில் அறுபது பேரும் ஒருவருக்கொருவர் ஜாவா, பைத்தான் என்று திறன் சான்று கொடுத்துக்கொள்வதை யாரும் படிப்பதில்லை. லிங்க்டுஇன் நடத்திய திறன் தேர்வுப் பட்டயங்களையே 2023இல் நிறுத்திவிட்டார்கள். நிரல் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புள்ளி சேர்த்தவர்களை நிறுவனங்களோடு இணைத்த வேலைவாய்ப்புப் பகுதியும் 2022இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் அந்தப் புள்ளிகளுக்கு ஒரு மதிப்பு இருந்தது, பதிலைப் படித்த முன்பின் தெரியாதவர் கொடுத்தது அது.

ஆனால் 500 தொடர்பு என்ற கட்டளையில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நீங்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. யார் அழைத்தாலும் ஏற்றுக்கொள், கைபேசி எண்ணைப் பக்கத்தில் போடு, 'வேலை தேடுகிறேன்' என்ற பச்சை வளையத்தைப் படத்தைச் சுற்றிப் போடு என்று சொல்லியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரங்களாலும் துபாய், இந்திய முகவர்களாலும் ஐடி தெரிந்த இளைஞர்கள் இழுக்கப்பட்டு, சட்டவிரோதமாக மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, மோசடி நிறுவனங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள் என்பது அதன் சாரம். வளைகுடாவுக்கு ஆள் போய் வருவது நம் கரையில் தலைமுறைப் பழக்கம். 'துபாய் ஏஜென்ட்' என்றால் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் யாரும் சந்தேகப்படுவதில்லை, மாமா மச்சான் யாராவது அவர் வழியாகப் போயிருப்பார்கள். இந்த நம்பிக்கையின் மேல்தான் மோசடிக்காரன் உட்காருகிறான். வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும் முகவரின் பதிவை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். சுற்றறிக்கையில் இதற்கு ஒரு வரி இல்லை.

இன்னொரு வகை மோசடி நம் தொழிலுக்கே உரியது. ஆள் எடுப்பவர் போல லிங்க்டுஇன்னில் பேசி, 'இந்த ரெப்போவை இறக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரு பிழையைத் திருத்துங்கள், அதுதான் தேர்வு' என்பார்கள். என்பிஎம் இன்ஸ்டால் (தேவையான தொகுப்புகளை இறக்கும் கட்டளை) என்று தட்டியதுமே அதற்குள் ஒளித்து வைத்த நிரல் ஓடி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போய்விடும். 2023 முதல் இது பரவலாக நடக்கிறது. அடுத்தவர் தரும் நிரலை நேரடியாகத் தன் கணினியில் ஓட்டாமல், கிட்ஹப்பின் இணையவழிக் கணினியான கோட்ஸ்பேஸஸ் போன்ற தனிச் சூழலில் மட்டும் ஓட்ட வேண்டும் என்பதை ஒரு வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

மாணவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகம் தெரியும் படமும் கைபேசி எண்ணும் கட்டாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை இல்லாததால் எந்த நல்ல நிறுவனமும் விண்ணப்பத்தை நிராகரிப்பதில்லை. இருப்பதால் வருகிற தொல்லையை அந்தப் பெண் மட்டுமே அனுபவிக்கிறாள். வீட்டுக்குத் தெரிந்தால் முதலில் நிற்பது அவளுடைய படிப்பு.

கடவுச்சொல் எக்செல் தாள். இதைப் படித்தபோது எங்களில் பலருக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கணக்கின் உள்நுழைவை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது கிட்ஹப்பின் விதி. லிங்க்டுஇன்னிலும் கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது. இருபடிச் சரிபார்ப்பு போட்ட கணக்கில் துறைக் கணினியிலிருந்து நுழைந்தால் குறியீடு மாணவரின் கைபேசியில்தான் வரும். அதற்காக இருபடிச் சரிபார்ப்பையே எடுக்கச் சொல்வதாகக் கேள்விப்படுகிறோம். மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் தன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அடுத்தவரிடம் கொடுத்தால் வேலை போகும். பிள்ளைகளுக்குத் தொழிலின் முதல் பாடமாக நீங்கள் அதைத்தான் பழக்குகிறீர்கள். பொதுப் பக்கத்தைப் பார்க்க யாருடைய கடவுச்சொல்லும் வேண்டியதில்லை, இணைப்பு போதும்.

கணக்கைக் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்கச் சொல்வதும் தவறு. படிப்பு முடிந்து அந்த முகவரி மூடப்பட்டால் கடவுச்சொல் மறந்தவர் கணக்கை மீட்க முடியாது. சொந்த முகவரியை முதன்மையாக வைத்து, மாணவர் சலுகைகளுக்காகக் கல்லூரி முகவரியை இரண்டாவதாகச் சேர்க்கலாம். மீட்புக் குறியீடுகளை அச்சடித்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கைபேசி தண்ணீரில் விழுந்தால் அதுதான் கை கொடுக்கும், கடற்கரையில் அது அபூர்வமும் இல்லை.

அவசரத்தில் ஏற்றுவதால் வருகிற இன்னொரு கேட்டையும் பார்க்கிறோம். தினமும் ஏதாவது புஷ் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் ரகசிய அமைப்புகள் இருக்கும் டாட்-என்வ் கோப்பு, ஃபயர்பேஸ், கிளவுட் போன்ற இணையச் சேவைகளின் ரகசியச் சாவி எல்லாம் பொது ரெப்போவுக்குப் போகிறது. இப்படிக் கசியும் சாவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. கடன் அட்டை இணைத்த கிளவுட் கணக்கு என்றால் பில் அப்பாவுக்கு வரும். அடுத்த கமிட்டில் கோப்பை அழித்தால் போதாது, வரலாற்றில் இருக்கும். சாவியை உடனே ரத்து செய்து புதிது எடுப்பதே வழி. அதைவிட மோசம், ப்ராஜெக்டுக்கு மாதிரித் தரவு வேண்டும் என்று மீனவர் சங்க உறுப்பினர் பட்டியலை ஆதார் எண், கைபேசி எண்ணோடு சிஎஸ்வி கோப்பாக ஏற்றிவிடுவது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. துறைத் தலைவர் என்ற முறையில் இது உங்கள் பொறுப்பும்தான்.

'நிறுவனங்கள் கேட்கின்றன, நாங்கள் என்ன செய்வது' என்பீர்கள். விண்ணப்பப் படிவத்தில் கிட்ஹப் இணைப்பு கேட்பது உண்மை. இணைப்பைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த எந்தக் குழுவிலும் எத்தனை நாள் பச்சை என்று யாரும் எண்ணியதில்லை. எங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களின் பக்கங்களே சாம்பலாகத்தான் கிடக்கின்றன. எழுதுவதெல்லாம் நிறுவனத்தின் தனி ரெப்போவில், வேறு சர்வரில் இருக்கிறது.

பக்கத்தைத் திறப்பவர் செய்வது இதுதான். பக்கத்தின் மேலே பொருத்தி வைத்த ரெப்போ ஒன்றைத் திறப்பார், ரீட்மீயை அரை நிமிடம் படிப்பார், பிறகு கமிட் பட்டியலைச் சொடுக்குவார். 'அப்டேட்', 'அப்டேட் 1', 'டே 47', 'டே 48'. ஒன்றைத் திறந்தால் சிவப்பில் (நீக்கியது) ஒரு காலி வரி, அதற்குக் கீழே பச்சையில் (சேர்த்தது) ஒரு காலி வரி. அத்தோடு மூடிவிடுவார். அல்லது முழு ப்ராஜெக்டும் ஒரே கமிட்டாக இருக்கும், 'ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்' என்று. கடைசி நாள் உலாவியில் இழுத்துப் போட்டது என்று அர்த்தம். ஆயத்த ப்ராஜெக்டை விற்கும் மதுரை ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதா என்று உடனே சந்தேகம் வரும். நேர்காணலில் 'இந்த டேபிளில் இந்த நெடுவரிசை எதற்கு' என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

எது எடுபடும் என்று கேட்டால், ஓர் எடுத்துக்காட்டு. மீன் ஏலக்கூடத்துக்கு ரசீது அடிக்கும் சின்ன நிரல் ஒன்று. ஐந்து திரைதான். ஆனால் அதன் கமிட் ஒன்றில் 'இறால் என்பது ரசீதில் இறால என்று வருகிறது, புள்ளி வெட்டுப்படுகிறது' என்று எழுதி, ஏன் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். 'இறால்' நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கான யூனிகோடில் ஐந்து குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். நான்கு குறியீட்டில் வெட்டினால் புள்ளி போகும், பைட் கணக்கில் வெட்டினால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். இதை ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்டல்-செக்மென்டர் என்ற வசதியைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தீர்த்திருக்கிறார்கள். பைத்தானாக இருந்தால் ஓபன்-தமிழ் தொகுப்பில் அதற்கான செயற்கூறு இருக்கிறது. இந்த ஒரு கமிட்டைப் படிக்கிறவருக்கு அந்தப் பிள்ளை நிரலைப் பயன்படுத்துகிறவரோடு பேசியிருக்கிறது, பிழையின் வேரைத் தேடியிருக்கிறது, எழுதவும் தெரிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நூறு நாள் பச்சை இதில் ஒன்றையும் சொல்லாது.

அப்படி ஒரு ரெப்போவைப் பார்க்கத் தகுந்ததாக ஆக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ரீட்மீயில் இது யாருக்கு, என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் சரியாக வரவில்லை என்று இருபது வரி. நிரல் ஓடும்போது எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். குழுவில் நால்வர் என்றால் யார் எதைச் செய்தார்கள் என்று வெளிப்படையாக, ஒரே கணினியில் சேர்ந்து எழுதியிருந்தால் கமிட்டின் அடியில் கோ-ஆதர்டு-பை (சேர்ந்து எழுதியவர்) வரி. பிறகு அடுத்த பெஞ்ச் மாணவர் அதைத் தன் கணினியில் இறக்கி, எழுதியவரிடம் எதுவும் கேட்காமல், கால் மணி நேரத்தில் ஓட்ட வேண்டும். இதில்தான் பெரும்பாலானவை விழும்: தேவையான தொகுப்புகளின் பட்டியல் கோப்பு இல்லை, இறக்கிய தொகுப்புகள் இருக்கும் நோட்-மாட்யூல்ஸ் கோப்புறை மொத்தமும் ஏறியிருக்கிறது, டேட்டாபேஸ் அமைப்புக் கோப்பு இல்லை, கோப்புப் பாதையில் எழுதியவரின் டெஸ்க்டாப் இருக்கிறது, 100 எம்பிக்கு மேற்பட்ட தரவுக் கோப்பைப் போடப் பார்த்து புஷ் பாதியில் நின்றிருக்கிறது. எல்லாமே ஒரு மாலையில் சரிசெய்யக் கூடியவை. யாராவது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்பது:

சுற்றறிக்கையில் உள்ள நாள் கணக்கு, தொடர்பு எண்ணிக்கை, புல் ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, வாரப் பதிவு ஆகிய நிபந்தனைகளை அடுத்த கேம்பஸ் பட்டியல் போடும் முன் எழுத்து மூலம் நீக்குங்கள். அவற்றுக்கு ஒதுக்கிய அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் எடுத்துவிடுங்கள். இந்தக் காரணத்தால் ஏற்கெனவே பட்டியலில் விடுபட்டவர்களைச் சேருங்கள்.

கடவுச்சொல் தாளை இந்த வாரமே அழியுங்கள், அதன் பிரதிகளையும். எல்லா மாணவரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லி, இருபடிச் சரிபார்ப்பை மீண்டும் போடச் சொல்லுங்கள். படம், கைபேசி எண், கல்லூரி டேக் மூன்றையும் மாணவரின் விருப்பத்துக்கு விடுங்கள்.

மேலே சொன்னபடி லேப் கணினிகளைச் சுத்தம் செய்து, கையேட்டைத் திருத்துங்கள். துறையின் பெயரில் உள்ள பொது ரெப்போக்களில் சாவியோ மக்களின் தரவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரெப்போவை உடனே தனிப்பட்டதாக மாற்றிவிட்டு, சாவியை ரத்து செய்யுங்கள்.

எண்ணிக்கைகளுக்குப் பதிலாக ஒரு மாணவருக்கு ஒரு ரெப்போ போதும் என்று வையுங்கள். அதை இன்னொரு மாணவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடட்டும். ஓர் ஆசிரியர் பதினைந்து நிமிடம் கேள்வி கேட்கட்டும். இந்தக் கேள்வி நேரத்துக்கு எங்களில் விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமைகளில் காணொளி அழைப்பில் ஊதியமில்லாமல் வரத் தயாராக இருக்கிறோம். எத்தனை மாணவர்கள், எந்தச் சனிக்கிழமை என்று துறையிலிருந்து ஒரு பட்டியல் மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மென்பொருள் பணியாளர்கள்